அவுக அம்மா பேரு என்ன?

ஜூன் 3, திங்கள்

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் மறுபடியும் புகைந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் சொன்னால் "பாப்போம்மா" என்பார். அவர் பார்ப்பதற்குள் நான் வேலையிலிருந்து ஓய்வே பெற்றுவிடுவேன். அண்ணனுக்குப் போன் போட்டேன். கல்லிடைக்குறிச்சியில் பஸ் ஏறிப் பத்து மணிக்கெல்லாம் பாளையங்கோட்டையில் வந்து நின்றான். ஒரு கையில் ஸ்பேனர் பை, இன்னொரு கையில் அம்மா கொடுத்துவிட்ட அப்பளக் கட்டு.

"இம்புட்டுப் படிச்சிருக்க, ஒரு கெப்பாசிட்டர் மாத்தத் தெரியலயேட்டி," என்றான். அந்த மோட்டாரின் ஆயுளை என்னால் கணிக்க முடியும், மாற்றத்தான் தெரியாது என்றேன். தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

மத்தியானம்தான் அலுவலகம் போனேன். நல்ல செய்தி காத்திருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் படிவங்களும் கணினியில் ஏறிவிட்டன. இரண்டு வருடமாக எங்கள் மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவு இதற்குத்தான் தவம் கிடந்தது. இந்தப் பக்கத்தில் சில குடும்பங்களில் மட்டும் சிறுநீரகம் வரிசையாகக் கெட்டுப்போகிறதே, அதில் ரத்தத்தில் வருவது எவ்வளவு, ஒரே கிணற்றுத் தண்ணீரும் ஒரே உப்பும் செய்வது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் சொர்ணக்காவும் நான்கு பெண்களும். கணக்குப் போடப்போகிறவள் நான்.

அந்தப் படிவத்தின் தமிழ் என்னுடையது. ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாக இருந்ததை "அண்ணன், தம்பி, அக்கா, தங்கை" என்று நான்கு கட்டமாக விரித்தவள் நான்தான். "உடன்பிறந்தோர்" என்று கோர்ட்டில் கேட்கிற மாதிரி கேட்டு ஜனங்களை மிரட்டவில்லை. பேசுகிற மாதிரி கேட்டேன். எங்கள் சிறுநீரக டாக்டர் செல்வின் மூன்று தடவை பாராட்டினார். நான் எண்ணவில்லை, தற்செயலாக நினைவிருக்கிறது.

ஜூன் 6, வியாழன்

நாள் முழுக்கத் தரவு சுத்தம் செய்தேன். நம் ஜனங்களுக்குப் பிறந்த தேதி என்றால் ஒரு குத்துமதிப்புதான். ஒரு குடும்பத்தில் அண்ணன் சித்திரையில் பிறக்கிறான், தங்கை அதே வருடம் ஆவணியில் பிறந்துவிடுகிறாள். இன்னொன்றில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஆறு வாரம்தான் இடைவெளி! அந்தத் தாய் என்ன பாவம் செய்தாளோ. இப்படி எண்பத்து மூன்று ஜோடி. எல்லாவற்றிலும் இளையவரின் பிறந்த வருடத்தை ஒன்று தள்ளிப் போட்டேன். எண்பத்து மூன்று தாய்மார்களுக்குப் பேறுகால ஓய்வு வாங்கிக்கொடுத்த புண்ணியம் எனக்கு.

என்னிடம் வருவது குடும்ப எண்கள் மட்டும்தான், பெயர்கள் கிடையாது. அதனால் யாரிடமும் போய்ச் சரிபார்க்க வேண்டிய தொல்லையும் இல்லை.

ஜூன் 7, வெள்ளி

அப்பளம் பொரித்தேன். எண்ணெய் காறல்.

ஜூன் 11, செவ்வாய்

காப்பீட்டுக் கம்பெனிப் படிவத்தை ஒருவழியாக நிரப்பி அனுப்பினேன். மூன்று மாதமாக மேசையில் கிடந்தது. தகப்பனார்: காலமாகிவிட்டார், மாரடைப்பு. தாயார்: நலம். உடன்பிறந்தோர்: இல்லை. திருமணம்: இல்லை. நான்கு வரியில் என் ஜாதகம் முடிந்துவிட்டது. அஞ்சலகத்தில் கூட்டமே இல்லை.

என் கணித மாதிரி கணினியில் ஓட ஆரம்பித்திருக்கிறது. அம்மாவுக்குப் புரியும்படி இதை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். எல்லோர் தலையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுமை இருக்கிறது. அப்பன் வழியில் கொஞ்சம், ஆத்தாள் வழியில் கொஞ்சம், நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மரபணுக்கள் ஆளுக்கு ஒரு பிடி வைக்கின்றன. தண்ணீரும் வலி மாத்திரையும் சர்க்கரையும் மேலே இன்னும் கொஞ்சம் வைக்கின்றன. ஒரு எல்லையைத் தாண்டினால் சிறுநீரகம் உட்கார்ந்துவிடுகிறது. சொந்தக்காரர்களில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், அவர்கள் எவ்வளவு நெருக்கம் என்று பார்த்தால், நம் தலையில் எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கலாம். அம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "அதுக்குத்தான் தண்ணி நெறையக் குடின்னு சொல்லுதேன்," என்றாள்.

உறவு அட்டவணையில் ஒரு வேடிக்கை. மாமன் மக்களும் அத்தை மக்களுமாக ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் பதிவாகியிருக்கிறார்கள். பெரியப்பா, சித்தப்பா மக்கள் மொத்தமே அறுபத்தொரு பேர். திருநெல்வேலிப் பெரியப்பாக்கள் எல்லாம் பிரம்மச்சாரிகள் போலிருக்கிறது. சிரித்துவிட்டு அடுத்த அட்டவணைக்குப் போனேன்.

ஜூன் 14, வெள்ளி

சாப்பாட்டு வேளையில் சொர்ணக்கா என் அறைக்கு வந்து நின்றார். நாற்பத்தாறு வயது. வெயிலில் அலைந்து கறுத்த முகம். குடை இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. உட்காருங்கள் என்றால் உட்கார மாட்டார். இன்று உட்கார்ந்தார்.

"மேடம், எந்தம்பி மாசானத்துக்கு ரெண்டும் போச்சு. வாரம் மூணு மட்டம் மிசின்ல போட்டு ரத்தத்தச் சுத்தம் பண்ணுதாங்க. கையில நரம்பு அடச்சிட்டு. இப்பம் கழுத்துல கொழா போட்டிருக்கு, அதுலயும் சீப் புடிக்குதுன்னு காச்சலாக் கெடக்கான். செல்வின் டாக்டர் ரெண்டு மாசம் தாங்குறதே பெருசுங்காரு. எங்கிட்ட ரெண்டு இருக்குல்லா? ஒண்ணக் குடுத்துருதேன். ரத்தம் எல்லாம் சேந்துட்டு."

"நல்லதுதானேக்கா. அப்புறம் என்ன?"

"உங்க கணக்கு வேணுமாம்ல. குடும்பத்துல நோவு இருந்தா, குடுக்கறவளுக்குப் பின்னாடி வருமா வராதான்னு நீங்க ஒரு நம்பர் சொல்லணுமாம். எங்க வீட்டுப் படிவத்தயும் எங்கூட வார ஜெயராணி போன வருசமே எழுதிட்டுப் போயிட்டா. குடும்ப நம்பர் இருநூத்தி ஏழு."

கொடையாளர் குழு இந்த வருடம்தான் என் மாதிரியைப் பயன்படுத்த ஒப்புக்கொண்டது. பின்னாளில் நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துக்கு மேல் போனால் அந்த ஆளிடம் சிறுநீரகம் எடுப்பதில்லை. இருக்கிற ஒன்றும் நாளைக்குக் கெட்டுப்போனால் கொடுத்தவர் எங்கே போவார்? நியாயமான விதி. நான்தான் முன்மொழிந்தேன். சொர்ணக்கா கையெழுத்துப் போட்ட சம்மதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

இருபத்தெட்டு.

நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். இருபத்தேழு புள்ளி ஒன்பதுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. குடும்பம் 207: அண்ணன் இரண்டு, தம்பி ஒன்று. மூன்று பேருக்கும் நோய். அண்ணன்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உடன்பிறந்த மூவரில் மூவருக்கும் என்றால் எந்த மாதிரியும் இதைத்தான் சொல்லும்.

சொர்ணக்காவிடம் நானே சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. "பத்துக்கு மேலதான?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எம்புட்டு மேல?" சொன்னேன். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எண்ணுக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. நான் சரியாகத்தான் செய்தேன்.

ஜூன் 20, வியாழன்

குழு கூடியது. சொர்ணக்காவைக் கொடையாளராக ஏற்கவில்லை. மாசானத்தின் மனைவிக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை, பிள்ளைகள் சின்னப் பிள்ளைகள். "இறந்தவர் உறுப்புக்குப் பதிவு பண்ணி வெச்சிருக்கோம்," என்றார் செல்வின். அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

சொர்ணக்கா வரவில்லை. தலைவலி என்று செய்தி.

ஜூன் 22, சனி

அம்மா போன். அண்ணன் மகளுக்கு அடுத்த மாசம் காதுகுத்து. "ஏட்டி வடிவு, அந்தப் பிள்ளைக்கு நீ ஒருத்திதான அத்த. கொலுசு வாங்கிட்டு முந்துன நாளே வந்து சேரு. கணக்கு கிணக்குன்னு சாக்குச் சொன்ன, நான் அங்கன வந்து நிப்பேன்." வருகிறேன் என்றேன். எனக்குக் கூட்டம் பிடிக்காது, அது அண்ணனுக்கும் தெரியும். ஆனாலும் போகாவிட்டால் அவன் முகம் சுருங்கிப்போகும். சின்ன வயதில் என்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து ஆற்றங்கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவான்.

இந்த வாரம் சரியாகத் தூங்கவில்லை. மோட்டார் சத்தம் காரணம்.

ஜூன் 27, வியாழன்

இன்று சண்டை மூண்டுவிட்டது.

மூன்றாம் மாடியில் மாசானத்தைப் பார்க்கப் போனேன். சும்மாதான் போனேன். முப்பத்தெட்டு வயது ஆள், அறுபது மாதிரி தெரிந்தார். கழுத்தில் கட்டு. கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் சொர்ணக்கா எலுமிச்சம்பழத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், மோந்து பார்க்கக் கொடுப்பதற்கு. என்னைக் கண்டதும் எழுந்து வராந்தாவுக்கு வந்தார்.

"என்ன பாக்க வந்தீங்க மேடம்? இருவத்தெட்டு முப்பதாயிட்டான்னா?"

"அக்கா, உங்க நல்லதுக்குத்தான்..."

"எந்நல்லத நான் பாத்துக்கிடுதேன். ரெண்டு வருசமா நாலு தாலுகா ஏறி எறங்கினேன். நாய் கடிச்சுது, ஊசி போட்டுட்டு மறுநா வந்தேன். எல்லாம் உங்க கணக்குக்கு. அந்தக் கணக்கு எந்தம்பியக் கொல்லுது."

எனக்கும் சுருக்கென்று வந்துவிட்டது. "உங்க அண்ணன் ரெண்டு பேரும் இதே நோயிலதானக்கா போனாங்க? நீங்க மட்டும் இரும்பா?"

சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் கோணி, அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"ஆமா போனாக. சிவனணஞ்சான் அண்ணனும் போனான், இசக்கியண்ணனும் போனான். இசக்கியண்ணனும் நானும் ஒரே வகுப்பு தெரியுமா? ஒண்ணாப்புல அவனும் நானும் ஒரே நாள்ல கையப் புடிச்சிட்டுப் போயிச் சேந்தோம். நாலு மாசந்தான் மூப்பு, ஆனாலும் ஒரு நாள் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல. அவன் செத்தன்னைக்கு நான் செத்திருக்கணும், இந்தப் பேச்செல்லாம் கேக்கறதுக்கு."

கீழே இறங்கி வந்துவிட்டேன். காப்பி குடித்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

துணி துவைத்தேன். சாரல். எதுவும் காயவில்லை. நாலு மாசந்தான் மூப்பு. நாலு மாசந்தான் மூப்பு.

ஜூலை 1, திங்கள்

இதை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

அந்த "நாலு மாசம்" மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. இந்த மாதிரி ஒன்றை நான் திருத்தினேனே, எந்தத் தேதியில் என்று பார்ப்பதற்காகக் காலையில் இந்த நோட்டைப் புரட்டினேன். ஜூன் ஆறு. சித்திரையில் அண்ணன், ஆவணியில் தங்கை. கணினியைத் திறந்து திருத்தாத பழைய கோப்பைப் பார்த்தால், குடும்பம் 207. இசக்கியும் சொர்ணக்காவும். அந்தத் தாய்க்குப் பேறுகால ஓய்வு வாங்கிக்கொடுத்தவள் நான்.

பக்கத்தைப் புரட்டியபோதுதான் ஜூன் பதினொன்று கண்ணில் பட்டது. "உடன்பிறந்தோர்: இல்லை." என் கையெழுத்து. அதற்கு இரண்டு பக்கம் முன்னால், அண்ணனுக்குப் போன் போட்டேன். இரண்டு பக்கம் பின்னால், அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அதுவும் என் கையெழுத்துதான்.

நான் ஒற்றைப் பிள்ளை. அண்ணன் குமரேசன் என் பெரியப்பா மகன். முப்பத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட அவனைப் பெரியப்பா மகன் என்று நான் சொன்னதில்லை, எழுதியதில்லை, நினைத்ததுமில்லை. யாராவது வந்து "உங்களுக்கு அண்ணன் இருக்காங்களா?" என்று கேட்டால் நெஞ்சு நிமிர்த்தி "ஒருத்தன் இருக்கான்" என்பேன். என் படிவம் அப்படித்தான் கேட்கிறது. பேசுகிற மாதிரி கேட்டேனே! உடன்பிறந்தோர் என்று கோர்ட் தமிழில் கேட்ட காப்பீட்டுக் கம்பெனிக்குச் சரியான பதில் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

பெரியப்பாக்கள் பிரம்மச்சாரிகள் இல்லை. அவர்கள் பெற்ற பிள்ளைகள் எல்லோரும் அண்ணன் தம்பிக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாமன் மகனை யாரும் அண்ணன் என்று சொல்ல மாட்டார்கள், அதனால் அவர்கள் மட்டும் சரியாக விழுந்தார்கள். தரவு என் சட்டையைப் பிடித்து எண்பத்து மூன்று முறை சொல்லியிருக்கிறது, நான் எண்பத்து மூன்று முறையும் அதன் வாயை அடைத்திருக்கிறேன்.

மூதேவி. என்னைத்தான்.

பதினொரு மணிக்குச் சொர்ணக்காவைத் தேடிப் போனேன். படிவ அறையில் இருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அக்கா, இசக்கியண்ணனோட அம்மா பேரு என்ன?"

"எதுக்கு?"

"சொல்லுங்கக்கா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"ஆறுமுகத்தம்மா. எங்க பெரியம்ம, எங்கப்பாவோட அண்ணன் பொஞ்சாதி. சிவனணஞ்சான் அண்ணனுக்கும் அவுகதான் அம்மா. அவுகளும் இந்த நோவுலதான் போனாக."

"உங்க அம்மா?"

"பேச்சியம்மா." என்னை விநோதமாகப் பார்த்தார். "ஒரே வளவு மேடம், எதுத்த எதுத்த வீடு. அடுப்பு ஒண்ணு. அவன் சட்டையத்தான் மாசானம் போட்டு வளந்தான். அண்ணன்னு கேட்டீங்க, அண்ணன்னு சொன்னோம். செத்துப்போன மனுசனப் பெரியப்பா மவன்னு பிரிச்சா சொல்ல முடியும்? அசிங்கமில்லா?"

ஒரு படிவத்தின் பின்பக்கம் இரண்டு அம்மா பேரையும் தனித்தனியாக எழுதினேன். பேச்சியம்மாவுக்குக் கீழே இரண்டே பேர்.

ஜூலை 2, செவ்வாய்

டாக்டர் செல்வினிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். எழுத்திலும் கொடுத்தேன். எண்பத்து மூன்று தேதிகளைத் திருத்தியதையும் சேர்த்துத்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டு வரும் என்று நின்றால், மேசையைத் தட்டிச் சிரிக்கிறார்.

"எங்க வீட்லயும் அப்படித்தான்மா. எங்க சித்தப்பா பையன் டேனியல என் தம்பின்னுதான் சபையில சொல்லுவேன். சரி, இப்ப சொர்ணத்துக்கு ஒரே தம்பிதான். நம்பர் எறங்கிருமில்ல?"

அங்கேதான் சிக்கல். இறங்கும் என்று சொல்ல ஆசை. சொல்ல முடியவில்லை. இத்தனை நாள் கூடப்பிறந்தவர்கள் என்று நான் வைத்திருந்த கூட்டத்தில் பெரியப்பா மக்களும் சித்தி மக்களும் கலந்திருந்தார்கள். தண்ணீர் கலந்த பாலைப் பார்த்து, பால் இவ்வளவுதான் திக்கு என்று சொல்லியிருக்கிறேன். பிரித்தெடுத்தால், சொந்தக் கூடப்பிறந்தவர் ஒருவருக்கு நோய் இருப்பதன் கனம் கூடும். மூன்று பேர் ஒருவராகக் குறைவது நல்லது. அந்த ஒருவரின் கனம் கூடுவது கெட்டது. எது ஜெயிக்கும் என்று நானூற்றுப் பன்னிரண்டு குடும்பத்தையும் சரிசெய்து மறுபடி ஓட்டினால்தான் தெரியும். அரைகுறையாகச் செய்து ஒரு நல்ல எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட எனக்கு இஷ்டமில்லை. ஒரு தடவை தப்பான எண்ணைக் கொடுத்தாயிற்று.

அடுத்த குழுக் கூட்டம் பதினெட்டாம் தேதி. பதினாறு நாள்.

ஜூலை 3, புதன்

நான் எழுதிய புதுக் கேள்வி: "இவர் உங்கள் கூடப்பிறந்தவரா?" சொர்ணக்கா படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இப்படிக் கேட்டா வெளக்குமாத்தால அடிப்பாக. நீ எங்க குடும்பத்தப் பிரிக்க வந்தியான்னு கேப்பாக. கூடப் பொறந்தவன்னுதான் சொல்லுவாக, வீம்புக்காவது."

"அப்ப எப்படிக்கா கேக்கறது?"

"அவுக அம்மா பேரு என்னன்னு கேளுங்க. அம்மா பேரச் சொல்ல யாருக்கும் கோவம் வராது. ஒவ்வொரு பேருக்கும் கேளுங்க. பொறவு அப்பா பேரு. நீங்க ஆபீஸ்ல உக்காந்து பிரிச்சுக்கிடுங்க, அவுகளுக்குத் தெரிய வேண்டாம்."

பத்து வருடம் புள்ளியியல் படித்தவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

ஜூலை 8, திங்கள்

ஐந்து பெண்களும் போனில் பாதி, நேரில் பாதி. நானும் தொண்டை வறள அறுபது வீட்டுக்குப் பேசிவிட்டேன். ஒரு வீட்டில் பெரியவர், கடைசித் தம்பியின் அம்மா பேரைக் கேட்டதும் லைனைத் துண்டித்துவிட்டார். சாயங்காலம் அவர் மருமகள் கூப்பிட்டு, "மாமாவோட அப்பாவுக்கு ரெண்டு வீடுங்க, அத ஊருக்கே தெரியும், மாமாவுக்குத்தான் தெரியாத மாதிரி," என்றாள். எழுதிக்கொண்டேன்.

மாசானத்துக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. குழாயை இடம் மாற்றியிருக்கிறார்கள்.

ஜூலை 10, புதன்

240 முடிந்தது. இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜூலை 12, வெள்ளி

பஸ் கிடைக்காமல் சொர்ணக்கா ஐந்து கிலோமீட்டர் நடந்து போய் மூன்று வீடு முடித்துவிட்டு வந்தார். அதில் ஒன்றும் அவர் குடும்பத்துக்கு உதவாது. எண் கூடினால் கூடட்டும் மேடம், சரியாக இருக்கட்டும் என்றார். இங்கே சொல்கிறேன்: இப்படி ஒரு மனுஷியிடம் "நீங்க மட்டும் இரும்பா" என்று கேட்டேனே, என் நாக்கில் சூடு வைக்க வேண்டும்.

ஜூலை 14, ஞாயிறு

காதுகுத்து. பிள்ளை வீறிட்டு அழுதாள், பிறகு கொலுசைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டாள். பந்தியில் அண்ணனிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அப்பம் நான் ஒனக்கு அண்ணன் இல்லயா?" என்றான். கணக்குப்படி எட்டில் ஒரு பங்குதான் என்றேன். "மோட்டாரு கெட்டா எட்டுல ஒரு பங்குதான் ரிப்பேர் பாப்பேன் பாத்துக்க," என்றான். அம்மா தலையிலடித்துக்கொண்டாள்.

ஜூலை 15, திங்கள்

நானூற்றொன்பது வீடு முடிந்தது. மூன்று வீடு ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், அவற்றை விலக்கிவிட்டேன். எண்பத்து மூன்று பிறந்த தேதிகளையும் பழையபடி வைத்தேன். அவற்றில் எண்பதுக்குத் தாய் பெயர் வேறு. இரண்டு, நிஜமாகவே ஜனங்கள் தப்பாகச் சொன்ன தேதி. மீதி ஒன்று அந்தப் பெரியவர் குடும்பம், தாய் பெயரை இன்னும் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

மாதிரியை ஓட விட்டாயிற்று. நாளைக் காலை முடியும்.

ஜூலை 16, செவ்வாய்

ஏழரைக்கே அலுவலகம் போய்விட்டேன். கதவு திறக்கவில்லை. காவலாளி டீ குடிக்கப் போயிருந்தார். படிக்கட்டில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் குடையோடு சொர்ணக்காவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து உடைத்து எனக்குப் பாதி கொடுத்தார்.

உள்ளே போய்த் திரையைப் பார்த்தேன். பயந்த மாதிரியே ஒரு கூடப்பிறந்தவரின் கனம் கூடியிருந்தது, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆனால் பெரியப்பா மக்களின் கனம் நான் நினைத்ததைவிடக் குறைவு. ஒரே வளவில் ஒரே தண்ணீர் குடித்ததன் பங்கு தனியாகப் பிரிந்து வந்திருக்கிறது. கல்யாணமாகி அந்த வளவுக்கு வந்த ஆறுமுகத்தம்மாவுக்கு இருந்த நோய் அவர் பெற்ற பிள்ளைகளோடு போயிற்று, எதிர் வீட்டுக்கு வரவில்லை. 207 என்று தட்டினேன்.

ஏழு. குறைந்தால் ஐந்து, கூடினாலும் ஒன்பதைத் தாண்டவில்லை.

மறுபடி தட்டினேன். ஏழு. ஜெயராணியைக் கூப்பிட்டு அவளைத் தட்டச் சொன்னேன். ஏழு.

"எம்புட்டு?" என்றார் சொர்ணக்கா, வாசலில் நின்றபடியே. விரலால் காட்டினேன். ஒரு கையில் ஐந்து, இன்னொரு கையில் இரண்டு. அவர் அந்த விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "எம்மா," என்று சுவரில் சாய்ந்தார். பிறகு இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். ஜெயராணி எதற்கு என்று தெரியாமலே அழுதாள்.

எவ்வளவு நிம்மதி! ஒரு மாதமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. இத்தனை நாள் கல் இருந்ததென்று இப்போதுதான் எழுதுகிறேன், அதுவும் சரிதான்.

ஜூலை 18, வியாழன்

குழு ஏற்றுக்கொண்டது. என்னை நிற்கவைத்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான். பழைய மாதிரியில் தீர்ப்புச் சொன்ன மற்ற ஆறு பேரின் கணக்கையும் மறுபடி பார்த்து இந்த மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றார்கள். நாளைக்கே தொடங்குகிறேன். ஆஸ்பத்திரிப் படிவங்கள் எல்லாவற்றிலும் உறவு எழுதுகிற இடத்தில் இனிமேல் தாய் பெயரும் கேட்பது என்று செல்வின் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அந்தக் கேள்வி சொர்ணத்தின் யோசனை என்று குறிப்பில் எழுதவைத்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலை ஏழுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மத்தியானம் ஒன்றரைக்குச் செல்வின் வெளியே வந்தார். "வெச்ச பத்தாவது நிமிசத்துல தம்பிக்கு மூத்திரம் வந்துருச்சும்மா. அக்காவும் நல்லாருக்காங்க," என்றார். ஒருவர் மூத்திரம் போனதற்காக ஒரு வராந்தாவே கைதட்டியதை இன்றுதான் பார்த்தேன். மாசானத்தின் மனைவி கீழே ஓடிப்போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். எனக்கும் ஒரு சில்லு கொடுத்தாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மாசானம் இட்லி சாப்பிடுகிறார். இரண்டு கேட்டு நான்கு சாப்பிட்டாராம்.

சொர்ணக்காவின் கணவர் குளித்துவிட்டு வரட்டும் என்று பத்து மணிக்கு நான் போய்த் துணைக்கு உட்கார்ந்தேன். அக்காவுக்கு விலாவில் வலி, ஆனாலும் பேச்சுக்குக் குறைவில்லை. சிரித்தால் தையல் இழுக்கிறது என்று என்னைச் சிரிக்க வைக்கக் கூடாதென்று உத்தரவு. அதற்குள் புதிதாக வந்த நர்சுப் பெண் ஒருத்தி சீட்டோடு வந்தாள்.

"நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி," என்றேன்.

"கூடப் பொறந்த தங்கச்சியா? இந்த வார்டுல சொந்த ரத்தம்னாத்தான் உக்கார விடுவோம்."

"ஆமா," என்றேன், கொஞ்சம்கூடக் கூசாமல்.

அவள் எழுதினாள். பிறகு அடுத்த கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "உங்க அம்மா பேரு என்ன?"

என் படிவம்! புதுத் தாள், மை வாசனைகூடப் போகவில்லை. என் அம்மா கல்லிடைக்குறிச்சியில் உயிரோடு இருக்கிறாள், பெயர் கனகவல்லி. அதைச் சொன்னால் எழுந்து போக வேண்டியதுதான். திருதிருவென்று முழித்தேன்.

கட்டிலிலிருந்து கண்ணைத் திறக்காமலே குரல் வந்தது. "பேச்சியம்மான்னு எழுதுங்க. ரெண்டு பேருக்கும் அதான். ஏட்டி வடிவு, அந்தப் போர்வைய இழுத்து விடு."

மேடம் இல்லை. ஏட்டி.

போர்வையை இழுத்துவிட்டேன். நர்சு நீட்டிய சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எண்பத்து நான்காவது பிழை. இதை நான் திருத்தப்போவதில்லை.